படைத்தலைவர் பூட்சு: பயனும் பெருமையும்

ஒரு காலத்து மக்களின் வாழ்வை அறிதற்குக் கல்வெட்டும் செப்பேடும் துணைபுரிதல் போலவே, அவர்கள் உடுத்த உடையும் அணிந்த அணியும் துணைபுரிகின்றன. எழுத்துச் சான்றுகள், எழுதுவித்தோர் கூற விரும்பியவற்றைக் கூறும். உடையும் அணியுமோ, அவற்றை அணிந்தோர் கூற விரும்பாதவற்றையும் உடன் கூறிவிடும் இயல்பின. இக்கருத்தை உளங்கொண்டு, மேலை நாட்டுப் படை அதிகாரிகள் அணிவகுப்பிலும் அரசவையிலும் விருந்திலும் அணிந்துவந்த நெடிய தோற்காலணிகளின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தமிழாராய்ச்சி இதழில் இப்பொருளுக்கு இடம் யாதெனச் சிலர் வினவலாம். ஐரோப்பிய வரலாறுகளும் புதினங்களும் தமிழில் பெயர்க்கப்பெறும்போது, மூலத்தில் வெவ்வேறு பெயர்களாற் சுட்டப்பெறும் காலணிகள் யாவும் ‘பூட்சு’ என்னும் ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றன. அவ்வாறு அடங்குமிடத்து, ஒருவன் குதிரைவீரனா காலாளா, தலைவனா ஏவலனா, போருக்குச் செல்கின்றானா விருந்துக்குச் செல்கின்றானா என மூலநூலார் ஒரு சொல்லால் உணர்த்திய செய்தி மறைந்துபோகின்றது. மேலும், அக்காலணிப் பெயர்கள் பிறந்த முறை, நம் இலக்கண நூலார் ஆகுபெயர் என வகுத்த முறையோடு பெரிதும் ஒத்துள்ளது. ஆதலின் இவ்வாராய்ச்சி மொழி பயில்வார்க்கும் பயனுடைத்து என்பது எம் கருத்து.

குதிரைவீரனின் காலைக் காக்கும் கருவியாகத் தோன்றிய பூட்சு, தன் பயன் குறையக் குறையப் பெருமை மிகப் பெற்றது என்பதே யாம் நிறுவ விழையும் முடிபு. அப்பெருமை எவர் உழைப்பின்மேல் நின்றது என்பதும் உடன் காட்டப்பெறும்.

1. காலணியைக் குறிக்கும் சொற்கள்

காலிற் பூணும் தோற்பொருளுக்குத் தமிழில் ‘செருப்பு’, ‘தொடுதோல்’ என்னும் பெயர்கள் பழமையானவை. கோட்டைக்கும் கவசத்திற்கும் பெயராகிய ‘அரணம்’ என்னும் சொல், பெரும்பாணாற்றுப்படையில் வணிகர் அடியை மறைத்துக் காத்த தோலுக்குப் பெயராய் வந்துள்ளது. பாதத்தை மேலும் கீழும் மூடிக் காக்கும் காலணியைக் குறிக்க இதனினும் பொருத்தமான சொல் காண்டல் அரிது. பிற்காலத்தே பிறநாட்டார் தொடர்பால் வேறு சொற்கள் வந்து வழங்கின. பாரசீகத்திலிருந்து ‘பாப்பாசு’ வந்தது. போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த ‘சப்பாத்து’ ஈழத்தில் இன்றும் வழங்குகின்றது. இணை என்னும் பொருளுடைய ‘சோடு’ என்னும் வடநாட்டு வழக்கும் காலணிக்குப் பெயராயிற்று. இவற்றிற்குப் பின்னர் வந்தது ஆங்கிலேயர் தந்த ‘பூட்சு’.

இச்சொல்லின் வடிவு நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் இதன் ஈற்றிலுள்ள சகரவொலி பன்மையைக் குறிப்பது. இணையாகவே வழங்கும் பொருளாதலின் பன்மை வடிவே நம் மக்களின் செவிக்கு எட்டியது. அதனை அவர்கள் ஒருமையாகக் கொண்டு, ‘பூட்சுகள்’ எனத் தம் மொழியின் பன்மை விகுதியையும் சேர்த்து வழங்கினர். பிறமொழிச் சொல் புகும்போது அதன் இலக்கணம் உடன்புகுதல் இல்லை என்பதற்கு இஃது ஓர் எளிய சான்று. நன்கு அறியப்பட்ட சொல்லாதலின் இக்கட்டுரையிலும் ‘பூட்சு’ என்றே ஆளுகின்றோம்.

2. ஜாக் பூட்சு: காவலாய்ப் பிறந்தது

ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டில் குதிரைப்படை வீரர் அணிந்த பெரும்பூட்சு ‘ஜாக் பூட்சு’ எனப்பட்டது. தடித்த மாட்டுத்தோலை மெழுகு முதலியவற்றால் இறுகச்செய்து, பலகை போன்ற வன்மையுடையதாக்கி, அதனால் இதனை அமைத்தனர். முழங்காலுக்கு மேலும் உயர்ந்து வாளி வாய்போல் விரிந்திருந்தமை இதன் தனி அடையாளம்.

இவ்வடிவிற்குக் காரணம் போர்முறையே. அக்காலக் குதிரைப்படை பகைவர்மேற் பாயுங்கால், வீரர் ஒருவர் முழங்காலோடு மற்றவர் முழங்கால் உராயுமாறு நெருங்கிச் செல்லுதல் வழக்கம். அந்நெருக்கத்தில் எலும்பு நொறுங்குதலும், வெட்டுக் காலிற் படுதலும், குதிரையின் கீழ்க் கால் நசுங்குதலும் எளிதில் நிகழக்கூடியவை. இவற்றினின்று காப்பது அவ்விறுகிய தோல். பூட்சின் உயர்ந்த குதி, அங்கவடியில் கால் முன்னோக்கி நழுவாமல் தடுத்தது. குதிமுள் குதிரையை ஏவியது. ஆகவே இப்பூட்சின் உறுப்புகளுள் ஒன்றும் அழகிற்காக அமைந்ததன்று. இதனை அணிந்து நடத்தல் மிகவும் அரிது. குதிரைமேல் இருப்பார்க்கே இது தக்கது.

இங்கிலாந்து அரசரின் மெய்காவற் குதிரைப்படையினர் சடங்கு நாள்களில் முழங்காலுக்கு மேல் உயர்ந்த இவ்வகைப் பூட்சையே இன்றும் அணிகின்றனர். நெருங்கிப் பாயும் போர்முறை ஒழிந்து நெடுங்காலமாகியும், அதற்கென அமைந்த தோலரண் மட்டும் ஒழியவில்லை.

இப்பெயர் அரசியல் மொழியிலும் இடம்பெற்றது. 1762 முதல் 1763 வரை இங்கிலாந்தின் தலைமை அமைச்சராயிருந்த பியூட் பிரபுவின் இயற்பெயர் ஜான் என்பது. ஜான் என்பாரை ஜாக் என்று வழங்குதல் அந்நாட்டு மரபு. எனவே ‘ஜாக் பியூட்’ என்பதும் ‘ஜாக் பூட்’ என்பதும் ஒலியால் நெருங்கின. அவரை வெறுத்த மக்கள் இச்சிலேடையைப் பற்றிக்கொண்டு, ஒரு பெரும்பூட்சைத் தெருவில் தூக்கிச்சென்று எரித்துத் தம் எதிர்ப்பைக் காட்டினர். 20-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் படையின் அணிநடைப் பூட்சைக் கண்ட ஆங்கிலேயர், கொடுங்கோன்மையையே ‘ஜாக் பூட்’ எனச் சுட்டலாயினர். ஜெர்மானியக் காலாளின் பூட்சு, வடிவால் 17-ஆம் நூற்றாண்டுப் பூட்சினின்றும் முற்றும் வேறானது. ஆயினும் பெயர் அதன்மேற் சென்று பொருந்தியது. கருவியின் பெயர் அதனால் விளையும் விளைவுக்கு ஆகிவருதலின், இதனைக் கருவியாகுபெயரின்பாற் படுத்தலாம்.

3. ஹெஸ்ஸியப் பூட்சு: அழகு புகுந்த காலம்

18-ஆம் நூற்றாண்டில் விரைந்து செல்லும் இலகு குதிரைப்படைகள் ஐரோப்பாவெங்கும் பெருகின. ஹங்கேரி நாட்டு ஹுஸ்ஸார் வீரரின் உடையே அவற்றிற்கு முன்மாதிரி. வேவு பார்த்தலும் விரைந்து தாக்கி மீள்தலும் இவர்தம் பணியாதலின், கனத்த ஜாக் பூட்சு இவர்க்குப் பொருந்தாதாயிற்று. மெல்லிய தோலால் முழங்காலுக்குக் கீழே நிற்கும் பூட்சு தோன்றியது. ஜெர்மானியப் பகுதியாகிய ஹெஸ்ஸியின் படையினரோடு தொடர்புடையதாகக் கருதப்பெற்றமையின் இது ‘ஹெஸ்ஸியப் பூட்சு’ எனப் பெயர்பெற்றது. இஃது இடத்தாற் பெற்ற பெயர்.

இப்பூட்சின் மேல்விளிம்பு முன்புறத்திற் சற்றே உயர்ந்து, நடுவில் பிளவுபட்டிருக்கும். முழங்காலை மடக்கும்போது விளிம்பு குத்தாமலிருத்தற்கு அப்பிளவு உதவியது. அப்பிளவின் அடியில் ஒரு குஞ்சம் தொங்கவிடப்பட்டது. பிளவுக்குப் பயன் உண்டு. குஞ்சத்திற்குக் காண்போர் கண்ணைக் கவர்தலன்றி வேறு பயன் காண்கின்றிலோம். காக்கும் கருவி காட்டும் அணியாக மாறத் தொடங்கிய இடம் இக்குஞ்சமே எனக் கூறுதல் பொருந்தும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் போர்க்களத்தையே காணாத செல்வரும் ஹெஸ்ஸியப் பூட்சை விரும்பி அணிந்தனர். உடலோடு ஒட்டிய காற்சட்டையும், மெருகிட்ட இப்பூட்சும், அசையும் குஞ்சமும் நகரத்து இளைஞரின் நாகரிகக் கோலமாயின. நெப்போலியனோடு போர்கள் நிகழ்ந்த அக்காலத்தில் படையுடைக்கு இருந்த மதிப்பே இதற்குக் காரணம் எனலாம்.

4. ஒரு போர், இரு தலைவர், இரு காலணி

1815-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற இரு படைத்தலைவருள் ஒருவர் ஆங்கிலேயப் படையை நடத்திய வெல்லிங்டன் கோமகன். மற்றவர் பிரஷ்யப் படையை நடத்திய புளூக்கர். இவ்விருவர் பெயரும் காலணிப் பெயர்களாக நிலைத்தமை வியப்பிற்குரியது.

வெல்லிங்டன், ஆர்தர் வெல்லெஸ்லி என்னும் தம் இயற்பெயரோடு 1798-இல் சென்னைக்கு வந்து, 1799-இல் சீரங்கப்பட்டினப் போரிலும் 1803-இல் அசாயிப் போரிலும் பங்குகொண்டு, 1805-இல் இந்தியாவை விட்டு நீங்கியவர். வாட்டர்லூப் போரை ஒட்டிய காலத்தில் இங்கிலாந்தில் முழங்காலளவுக் காற்சட்டை வழக்கு வீழ்ந்து, கணைக்கால்வரை தொங்கும் நெடுங்காற்சட்டை வழக்கு ஓங்கியது. குஞ்சமும் உயர்ந்த விளிம்பும் உடைய ஹெஸ்ஸியப் பூட்சை அந்நெடுங்காற்சட்டையின் உள்ளே அணிதல் இயலாது. எனவே, இலண்டன் செயின்ட் ஜேம்சு தெருவில் தொழில் நடத்திய ஹோபி என்னும் காலணிக் கைவினைஞரிடம் கூறி, குஞ்சத்தை நீக்கி, விளிம்பைத் தாழ்த்தி, மெல்லிய கன்றுத்தோலாற் காலோடு ஒட்டி நிற்குமாறு ஒரு பூட்சை அவர் செய்வித்தார். போருக்கும் விருந்துக்கும் ஒருங்கே பொருந்தியமையின் அது விரைவிற் பரவி ‘வெல்லிங்டன்’ என்றே பெயர்பெற்றது. 1852-இல் அவர் உயிர்நீத்த வால்மர் கோட்டையில் அவர் அணிந்த பூட்சு இணையொன்று காட்சிக்கு வைக்கப்பெற்றுள்ளது.

புளூக்கர் பெயரால் வழங்குவது வேறு வகையது. பாதத்தின் மேற்புறத்தே இரு தோல்மடிப்புகள் இருபுறமும் விரிந்து திறக்க, அவற்றைக் கயிற்றால் இழுத்துக் கட்டும் குறுங்காலணி அது. நெடுந்தூரம் நடந்து கால் வீங்கிய வீரனும் அதனை எளிதிற் கழற்றவும் மாட்டவும் கூடும். தம் படைவீரரின் நடை வருத்தத்தைக் குறைத்தற்கு அவர் இதனைச் செய்வித்தார் என்பது வழக்கு.

செய்தவர் அல்லது செய்வித்தவர் பெயர் செய்யப்பெற்ற பொருளுக்கு ஆதலைக் கருத்தாவாகுபெயர் என்கின்றோம். ‘திருவள்ளுவர் படித்தான்’ என்புழி ஆசிரியர் பெயர் நூலைக் குறித்தது போல, ‘வெல்லிங்டன் அணிந்தான்’ என்புழித் தலைவர் பெயர் பூட்சைக் குறித்தது. ஆயின் இரு பெயர்களுக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. ஒன்று, தலைவர் தமக்கெனச் செய்வித்தது. மற்றொன்று, தலைவர் தம் வீரர்க்கெனச் செய்வித்ததாக வழங்குவது. படைக் காலணியின் வரலாறு முழுவதும் இவ்விரு நோக்கங்களுக்கிடையே இயங்குவதைக் காணலாம்.

காலம் இவ்விரண்டின் நிலையையும் மாற்றியமை மேலும் சுவையுடைத்து. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கந்தகமூட்டி வன்மைபெறச் செய்த ரப்பராற் பூட்சு செய்யும் முறை தோன்றியபின், வெல்லிங்டன் என்னும் பெயர் சேற்றில் உழைக்கும் உழவர் அணியும் ரப்பர்ப் பூட்சுக்கு உரியதாயிற்று. வீரனுக்கென வகுத்த புளூக்கர் அமைப்போ, நாகரிகக் கனவான்களின் காலணியிற் புகுந்து நிலைபெற்றது.

5. தோலும் தொழிலும் மெருகும்

அதிகாரிகளின் பூட்சு கடையில் அடுக்கிவைத்து விற்கும் பொருளன்று. அணிவோரின் பாதத்தையும் கெண்டைக்காலையும் பல இடங்களில் அளந்து, பாத அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்குவர். தோலை நனைத்து வளைந்த பலகையின்மேல் இழுத்துப் பிணித்து உலரவைப்பர். இங்ஙனம் செய்தலால், கணைக்காலின் முன்புறத்து வளைவில் தையலே இன்றித் தோல் மடங்கி நிற்கும். மெழுகூட்டிய சணல் நூலால் அடித்தோலைக் கையாலேயே தைப்பர். பூட்சு முடிந்தபின், அதன் காற்பகுதி சுருங்காதிருத்தற்கு மூன்று நான்கு துண்டுகளாகிய மரக்காலை உள்ளே செருகிவைப்பர். அணிதற்கு இரு கொக்கிகளும், கழற்றுதற்குக் குதியைப் பற்றி இழுக்கும் ஒரு கட்டையும் வேண்டும்.

தோலும் ஒரு தன்மையதன்று. பழைய கரும்பூட்சுகளில் சிறந்தவை, கன்றுத்தோலின் தசைப்பக்கம் வெளியே தெரியுமாறு அமைத்து, அதன்மேல் மெழுகும் கருமையும் ஊட்டப்பெற்றவை. அதனை வழவழப்பாக்க மான் எலும்பாற் பலகால் தேய்ப்பர். விருந்துடைக்குரிய பூட்சுக்கு, எண்ணெய் மெருகு பூசிக் கண்ணாடிபோல் ஒளிரச்செய்த தோலைப் பயன்படுத்தினர். அமெரிக்காவில் நியூவர்க்கு நகரில் சேத் பாய்டன் என்பார் இத்தகு தோலை 1818-ஐ ஒட்டிச் செய்யத் தொடங்கியபின் அது பெருவழக்காயிற்று. குதிமுள்ளைக் கட்டுதற்கு வார் வேண்டாதவாறு, குதியினுள்ளே சிறு உலோகப் பெட்டியமைத்து அதிற் செருகும் முறையும் விருந்துப் பூட்சிற்கு உரியது.

இம்மெருகு தானே வந்ததன்று. அதிகாரி ஒவ்வொருவர்க்கும் ஏவல்புரிய ஒரு வீரன் இருந்தான். தலைவனது பூட்சை ஒளிரச்செய்தல் அவன் நாட்பணிகளுள் ஒன்று. பூட்சிற்குக் கருமையூட்டும் மை செய்தல் இலண்டனில் ஒரு பெருந்தொழிலாய் நடைபெற்றது. தேம்சு ஆற்றங்கரையில் இருந்த அத்தகு தொழிலகம் ஒன்றில், 1824-இல், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மைக்குப்பிகளுக்கு மூடித்தாள் கட்டிப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலையில் அமர்த்தப்பெற்றான். வாரம் ஆறு ஷில்லிங்கு அவனுக்குக் கூலி. அவன் தந்தை கடனுக்காகச் சிறையில் இருந்தார். அச்சிறுவனே பிற்காலத்துப் புதினப் பேராசிரியர் சார்லசு டிக்கென்சு. அக்கால நினைவு ‘டேவிட் காப்பர்பீல்டு’ என்னும் அவர்தம் புதினத்தில் வேறோர் உருவில் இடம்பெற்றுள்ளது. பூட்சின் ஒளியைப் பாடுவோர் அவ்வொளிக்குப் பின்னின்ற இளங்கைகளையும் நினைத்தல் தகும்.

6. அதிகாரியின் பூட்சும் வீரனின் பூட்சும்

இங்கிலாந்தில் 1871 வரை, குதிரைப்படையிலும் காலாட்படையிலும் அதிகாரிப் பதவி பெரும்பாலும் விலைக்குப் பெறப்பட்டது. பதவிக்குப் பொருள் தந்தவர் தம் உடைக்கும் தாமே பொருள் தந்தனர். ஆகவே நல்ல பூட்சு, அணிந்தவரின் பதவியை மட்டுமன்றிக் குடும்பத்தின் செல்வநிலையையும் உடன் காட்டியது. படைவீரனோ அரசு தந்ததை அணிந்தான். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவனுக்குக் கிடைத்த காலணி பெரும்பாலும் வலக்கால், இடக்கால் என்னும் வேறுபாடே இல்லாதது.

அவன் நிலையைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 1809-இல் ஸ்பெயினின் கொருன்னாவிலிருந்து ஆங்கிலேயப் படை பெருந்துன்புற்றுத் தாயகம் மீண்டது. கந்தை சுற்றிய புண்பட்ட கால்களோடு கரையிறங்கிய வீரரைக் கண்டு இரங்கிய பொறியறிஞர் மார்க் புருனல், பொறிகளாற் காலணி செய்யும் முறையை வகுத்து 1810-இல் உரிமைப்பட்டயம் பெற்றார். இலண்டனை அடுத்த பாட்டர்சீயில் அவர் அமைத்த தொழிற்சாலையில் போரில் உறுப்பிழந்த வீரர்களே தொழில்செய்தனர். 1815-இல் அமைதி வந்ததும் அரசு காலணி வாங்குதலை நிறுத்தியது. செய்தவை விற்பனையின்றிக் குவிந்தன. பிற இழப்புகளும் சேர, 1821-இல் புருனல் கடன்பட்டோர் சிறையில் அடைபட்டார். வெல்லிங்டனின் பூட்சைச் செய்த ஹோபி பெருஞ்செல்வராய் வாழ்ந்த அதே நகரில், அவர்தம் வீரர்க்குக் காலணி செய்தவர் சிறை புகுந்தார் என்பதனை வரலாறு தன் போக்கிற் பதிந்துவைத்துள்ளது.

தமிழகத்திற்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. ஆவிரம்பட்டையாற் பதனிடப்பெற்ற சென்னை மாகாணத்து மாட்டுத்தோல், ‘கிழக்கிந்தியக் கிப்பு’ என்னும் பெயரோடு இங்கிலாந்திற்குக் கப்பலேறியது. முதல் உலகப்போரின்போது, படைவீரர் பூட்சின் மேல்தோலுக்கு இது மிகவும் வேண்டப்பட்டமையால், இதன் வாணிகத்தை அரசே தன் கட்டுக்குட் கொண்டது. நம் காடுகளில் உரிக்கப்பெற்ற ஆவிரம்பட்டையின் துவர் ஏறிய தோல், பிரான்சு நாட்டுச் சேற்றில் நடந்தது.

அப்போரே அதிகாரிகளின் பூட்சிற்கும் ஒரு திருப்பமாயிற்று. 1902-இல் காக்கியுடை ஏற்கப்பெற்றபின், களத்தில் கரும்பூட்சிற்குப் பதிலாகப் பழுப்புநிறப் பூட்சு வழக்காயிற்று. கணைக்காலின் முன்புறத்தே கயிற்றால் இறுக்கும் முழங்காலளவுப் பூட்சும், தொடைப்பகுதி அகன்ற சவாரிக் காற்சட்டையும் அதிகாரியின் கோலமாயின. பதுங்குகுழிப் போரிலோ இக்கோலமே அவரைப் பகைவர்க்குத் தொலைவிலிருந்து காட்டிக்கொடுத்தது. குறிபார்த்துச் சுடுவோர் முதலில் தேடியது அதிகாரியை. எனவே பல அதிகாரிகள் தம் உடையை நீக்கிச் சாதாரண வீரன் உடையில் முன்னணிக்குச் சென்றனர். இருநூற்றாண்டு பெருமை தந்த அடையாளம் உயிர்க்கு இடரான நிலை இது. வீரர் நிலை அதனினும் இரங்கத்தக்கது. 1914-15 குளிர்காலத்தில், சேற்றுநீரில் நின்று கால் அழுகும் நோய் ஆங்கிலேயப் படையில் ஏறத்தாழ 20,000 பேரைத் தாக்கியது. அதன் விளைவாக அரசு ரப்பர் வெல்லிங்டன் பூட்சுகளைப் பேரளவிற் செய்வித்தது. எடின்பரோவிலிருந்த ஒரு தொழிற்சாலை மட்டும் அப்போர்க்காலத்தில் ஏறத்தாழ 12 இலட்சம் இணை செய்து தந்தது. இதனால், தலைவன் தனக்கெனச் செய்வித்த பூட்சின் பெயர், ஒரு நூற்றாண்டிற்குப் பின்னர் வீரனின் காலைக் காத்தது.

இவ்வேற்றுமை இங்கிலாந்திற்கு மட்டும் உரியதன்று. சோவியத் படையில் அதிகாரிகள் குரோமியத்தாற் பதனிட்ட மெல்லிய தோற்பூட்சு அணிய, வீரர்க்குக் ‘கிர்சா’ என்னும் செயற்கைத் தோற்பூட்சே பெரும்பாலும் கிட்டியது. கிர்சா என்னும் சொல்லைக் ‘கிரோவ் தொழிற்சாலை’ என்பதன் சுருக்கமாகப் பொதுமக்கள் கருதினர். உண்மையில் இஃது ஆங்கில நாட்டுக் ‘கெர்சி’ என்னும் முரட்டுத் துணியின் பெயர்வழி வந்தது. சொல்லின் பிறப்பைத் தமக்குத் தெரிந்த பொருளோடு பொருத்திக்கொள்ளும் மக்கள் மனப்பாங்கிற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

7. பயன் நீங்கியும் நின்றவை

1928 முதல் ஆங்கிலேயக் குதிரைப்படைப் பிரிவுகள் குதிரைகளை விடுத்துக் கவச ஊர்திகளை ஏற்கத் தொடங்கின. குதிரை நீங்கியது, குதிமுள் நீங்கவில்லை. பகலிற் கவச ஊர்தி செலுத்தும் அதிகாரி, இரவில் படைவிருந்திற்குச் செல்லுங்கால் குதிமுள் பொருத்திய பூட்சை அணியும் மரபு அப்பிரிவுகளில் இன்றும் உண்டு. அம்முள்ளின் கூர்மை மழுக்கப்பெற்றிருக்கும். ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரோடு சார்த்தி ‘ஜார்ஜ் பூட்சு’ என வழங்கும் கணைக்காலளவுப் பூட்சும் இத்தகு விருந்துடைக்கு உரியதே. இந்தியாவில், 1773-இல் தோன்றிய குதிரைப்படைப் பிரிவொன்று இன்று குடியரசுத்தலைவரின் மெய்காவற்படையாய் விளங்குகின்றது. அவ்வீரரும் சடங்கு நாள்களில் முழங்காலளவுக் கரும்பூட்சு அணிந்தே குதிரைமேல் வருகின்றனர்.

இடைச்சொற்களுள் சில, ஒரு காலத்துப் பொருளுடையனவாயிருந்து, பின்னர்ப் பொருள் தேய்ந்து அசைநிலையாய் நிற்றலை நாம் அறிவோம். அவற்றை நீக்கினால் பொருள் கெடாது, ஓசை கெடும். விருந்துப் பூட்சின் குதிமுள்ளும் அத்தகையதே. அதனை நீக்கினால் எவர்க்கும் இடையூறில்லை. ஆயினும் படைப்பிரிவின் நினைவுத் தொடர் அறும். பழந்தமிழ் மறவர் அணிந்த கழலை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். கழல் தொடக்கம் முதலே வீரத்தின் அடையாளம். காலைக் காப்பது அதன் தொழிலன்று. காப்பாய்த் தொடங்கி அடையாளமாய் முடிந்தது பூட்சு. எனினும் ஆகுபெயர் வகையில் இரண்டும் நெருங்குகின்றன. ‘கழல் பணிந்தான்’ என்புழி அணியின் பெயர் அதனை அணிந்த அடிக்கு ஆயிற்று. ‘ஜாக் பூட்’ என்புழிக் காலணியின் பெயர் அதனை அணிந்தாரது ஆட்சிக்கு ஆயிற்று. முன்னது பணிவிற் பிறந்த வழக்கு. பின்னது அச்சத்திற் பிறந்த வழக்கு.

இப்பழம்பூட்சுகளைச் செய்யும் கைவினை அருகிவிட்டது. 1965-இல் இலண்டனின் புகழ்பெற்ற ‘பீல்’ கைவினைக்கூடம் மூடப்பட்டது. 1866-இல் அந்நகரில் தொடங்கப்பெற்ற ‘ஜான் லாப்’ போன்ற சிலவே எஞ்சின. எஞ்சிய பூட்சுகளைப் போற்றுவோர் அறியவேண்டுவன சில உள. மரப்பட்டையாற் பதனிட்ட தோலைப் புகைக்காற்றிலுள்ள கந்தகம் தாக்கினால், அது செந்நிறப் பொடியாய் உதிரும். அவ்வாறு உதிர்ந்த தோலைப் பழைய நிலைக்கு மீட்டல் இயலாது. ஆதலின் வெப்பமும் ஈரமும் தாக்காத இடத்தில், உள்ளே கட்டை செருகி, மடிப்பு விழாது வைத்தல் வேண்டும். புதிய மெருகூட்டிப் பளபளக்கச் செய்தல் தவறு. குதியின் தேய்வும், அங்கவடி உராய்ந்த வடுவும், உட்புறத்தே மையால் எழுதிய பெயரும் அப்பூட்சின் எழுத்துகள். அவற்றை அழித்தல் கல்வெட்டைத் தீட்டி வழவழப்பாக்குதலை ஒக்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஜாக் பூட்சு காவலாய்ப் பிறந்தமையும், ஹெஸ்ஸியப் பூட்சில் அழகு புகுந்தமையும், வெல்லிங்டன் பூட்சு அவ்வழகைக் களைந்து புதிய உடைக்கு இயைந்தமையும், களத்தில் பயனற்றுப்போன பின்னர் இவ்வினம் சடங்கில் நிலைபெற்றமையும் விளங்கும். மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் ஹெஸ்ஸியன் எனவும் வெல்லிங்டன் எனவும் புளூக்கர் எனவும் வருமிடங்களில் ‘பூட்சு’ என்று மட்டும் எழுதி அமையாது, ‘குஞ்சம் தொங்கும் ஹெஸ்ஸியப் பூட்சு’, ‘காற்சட்டைக்குள் அணியும் வெல்லிங்டன்’, ‘கயிற்றால் இறுக்கும் புளூக்கர்’ என ஓர் அடைமொழியேனும் சேர்த்தல் நன்று. காப்புக் கருவி என்னும் பொருள் தோன்றவேண்டிய இடத்து, பழந்தமிழ் தந்த ‘அரணம்’ என்னும் சொல்லை மீண்டும் ஆளுதலும் தகும்.

அருங்காட்சியகங்களில் இப்பூட்சுகளைக் காண்போர் முதலிற் காண்பது அவற்றின் ஒளியை. அவ்வொளியோடு, அதனைத் தேய்த்து உண்டாக்கிய ஏவலனையும், மைக்குப்பியில் சீட்டு ஒட்டிய சிறுவனையும், கந்தை சுற்றிய காலோடு கொருன்னாவிலிருந்து மீண்ட வீரனையும், தோலுக்குத் துவரூட்டிய நம் நாட்டுத் தொழிலாளியையும் சேர்த்துக் காண்பவரே அவற்றின் வரலாற்றை முழுமையாகக் கண்டவராவர்.